பெருவிரல் எது என்று கேட்டவர்

தேவகி இறந்துவிட்டதாக அவருடைய தம்பி ஞாயிற்றுக்கிழமை காலையில் தொலைபேசியில் சொன்னார். தூக்கத்திலேயே இருதயம் நின்றுவிட்டதாம். நான் ஆட்டோ பிடித்து அல்சூரில் அவர் வீட்டுக்குக் கிளம்பினேன்.

பெங்களூரில் ஒரு தனியார் மருத்துவமனையின் கை அறுவைச் சிகிச்சைப் பிரிவில் தொண்ணூறுகளின் தொடக்கத்திலிருந்து நாங்கள் ஒன்றாக வேலை பார்த்தோம். நான் நர்ஸ், அவர் பிசியோதெரபிஸ்ட். மைசூர் அரசு உத்தியோகத்துக்காக வந்து இங்கேயே தங்கிவிட்ட தமிழ்க் குடும்பம் அவருடையது. தமிழும் கன்னடமும் ஒரே மூச்சில் பேசுவார். அதிகம் சிரிக்க மாட்டார். மதியச் சாப்பாட்டை யாரோடும் பகிர்ந்துகொள்ளவும் மாட்டார். எங்களில் சிலருக்கு அவரைப் பிடிக்காது.

ஒருமுறை நீலசந்திராவிலிருந்து முனிரத்தினம் என்றொரு தொழிலாளி வந்திருந்தார். தகடு அழுத்தும் பிரஸ் மெஷினில் வலது கைக் கட்டைவிரல் போய்விட்டது. துண்டான விரலைப் பிளாஸ்டிக் பையில் போட்டுக் கூடவே கொண்டுவந்திருந்தார்கள். அது நசுங்கிப்போயிருந்ததால் ஒட்டவைக்க முடியவில்லை. காயம் ஆறியபின், காலின் பெருவிரலை எடுத்துக் கையில் பொருத்தலாம் என்று எங்கள் சர்ஜன் முடிவு செய்தார். டாக்டர்களுக்குக் குழப்பமில்லை. அவர்கள் பாஷையில் கையில் இருப்பது பொலெக்ஸ், காலில் இருப்பது ஹாலக்ஸ். கன்னடக்காரரான சர்ஜன் முனிரத்தினத்திடம், “உன் ஹெப்பெரளையே எடுத்து வெச்சிடறோம்” என்று சொல்லியிருந்தார். தமிழில் பெருவிரல் என்பதுபோல அந்தச் சொல்லும் கைக்கும் காலுக்கும் பொது.

ஆபரேஷன் அன்று காலை, பின்னால் செய்யவேண்டிய பயிற்சிகளைச் சொல்ல தேவகி வார்டுக்குப் போனார். எந்த விரலை வைக்கப் போகிறார்கள் என்று தெரியுமா என்று பேச்சோடு பேச்சாகக் கேட்டார்.

“என் வெரலத்தான் மேடம். அன்னிக்கே ஐஸ்ல போட்டு வச்சிட்டாங்கல்ல” என்றார் முனிரத்தினம்.

தேவகி அவருடைய காலைத் தொட்டுக் காட்டி விஷயத்தைச் சொன்னார். முனிரத்தினம் காலை இழுத்துக்கொண்டார். தேவகி நேராகத் தியேட்டருக்கு வந்து ஆபரேஷனை நிறுத்தச் சொன்னார். எல்லாம் தயாராக இருந்தது. நோயாளி சம்மதித்தாயிற்று என்று சர்ஜன் கோபப்பட்டார்.

“அவர் சம்மதிச்சது வேற விரலுக்கு சார்” என்றார் தேவகி.

ஆபரேஷன் நின்றது. சர்ஜன் தானே வந்து உட்கார்ந்து பொறுமையாக விளக்கிப் பார்த்தார். முனிரத்தினம் அசையவில்லை. காலில் கைவைக்கவே கூடாது என்று சொல்லி, மறுநாள் மனைவியோடு வீட்டுக்குப் போய்விட்டார். ஒரு மனிதனுக்குக் கிடைத்திருக்க வேண்டிய விரலைத் தேவகி கெடுத்துவிட்டார் என்று பிரிவில் பேச்சு எழுந்தது. அது முழுப் பொய் என்றும் சொல்ல முடியாது.

நான் ஒருமுறை கேட்டபோது, “எனக்கும் வருத்தம்தான் சிஸ்டர். ஆனா அவர் மயக்கம் தெளிஞ்சு காலைப் பார்த்துட்டு, இங்க இருந்தது எங்கேன்னு கேட்டிருந்தா நான் என்ன சொல்றது?” என்றார்.

மற்ற விரல்களை வைத்தே பொருள்களைப் பிடிக்க முனிரத்தினத்தைப் பல மாதம் பழக்கினார். பிரஸ் வேலைக்கு அவர் திரும்பவில்லை. ஒரு அபார்ட்மெண்டில் வாட்ச்மேன் ஆனார். சர்ஜன் கொஞ்ச காலம் தேவகியோடு பேசவில்லை. அப்புறம் அதே மாதிரி இன்னொரு ஆபரேஷன் வந்தபோது, நோயாளியிடம் முதலில் தேவகி பேசட்டும் என்று சொல்லி அனுப்பினார்.

இரண்டாயிரத்துக்குப் பிறகு ஒரு மழைநாளில் தேவகி ஸ்கூட்டரிலிருந்து விழுந்தார். ஒலெக்ரானன் உடைந்திருக்கிறது என்றார் பணியிலிருந்த இளம் டாக்டர். “எனக்குப் புரியுது. எங்கம்மாக்கு முழங்கைன்னு சொல்லுங்க” என்றார் தேவகி, வலியோடு. எலும்பு கூடியது, ஆனால் அந்த வலது கை முழுதாக நீளவில்லை. தனக்குத் தானே செய்துகொண்ட பயிற்சி எதுவும் பலிக்கவில்லை. அதைப் பற்றி அவர் குறைபட்டு நான் கேட்டதில்லை. வேலையையும் விடவில்லை.

அந்த ஞாயிற்றுக்கிழமை நான் போனபோது தேவகியைக் கூடத்தில் கிடத்தியிருந்தார்கள். உறவினர் ஒருவர் அவருடைய வலது கையை உடம்போடு ஒட்டி நேராக வைக்க முயன்றார். அது மறுபடி மறுபடி மடங்கி மார்பின்மேல் வந்தது.

“விடுங்க மாமா, அது அவ்ளோதான் நீளும்” என்றார் தம்பி.

அந்த முழங்கையின்மேல் ஒரு நிமிஷம் கைவைத்திருந்துவிட்டு வெளியே வந்தேன். விடைபெறுகிறேன், தேவகி.