வீட்டுக்கார அக்காவின் பீரோ

பென்னலூரில் நாங்கள் குடியிருந்த மாடி வீடு மழை பெய்தால் ஒழுகும். அதற்குப் பயந்து ரேஷன் கார்டு, மகளின் மார்க் ஷீட், வாடகை அக்ரிமெண்ட் எல்லாவற்றையும் ஒரு பிளாஸ்டிக் கவரில் போட்டு, கீழ்வீட்டு பீரோவில் வைக்கக் கொடுத்திருந்தேன். கீழே இருந்தது வீட்டுக்கார அக்காதான். வீட்டு ஓனரிடமே அக்ரிமெண்டைக் கொடுத்து வைத்த புத்திசாலி நான் ஒருத்தியாகத்தான் இருப்பேன்.

ஆனால் அந்த அக்காவை நம்பாமல் யாரை நம்புவது? நானும் என் வீட்டுக்காரரும் ஆளுக்கொரு கம்பெனி, ஆளுக்கொரு ஷிஃப்ட். எங்கள் சாவியும் அவர் இடுப்பில்தான் தொங்கும். குழாயில் தண்ணீர் வந்தால் எங்கள் டிரம்மையும் நிரப்பி வைப்பார். "ஓ.டி., ஓ.டி.ன்னு ஓடிக்கினே இரு. உனுக்கு நான் தண்ணி புடிக்கத்தான் பொறந்தேன்" என்று திட்டிக்கொண்டே நிரப்புவார்.

மகளுக்குப் பத்தாம் வகுப்புப் பொதுத்தேர்வுக்கு ஒன்றரை மாதம் இருக்கும்போது, அக்காவின் மகன் மேலே வந்தான். ஒரு காண்ட்ராக்டர் மாடி முழுவதையும் ஹாஸ்டலாக எடுக்கிறாராம். ஒரே வாரத்தில் காலி செய்ய வேண்டுமாம். எனக்குச் சுர்ரென்று ஏறியது.

"படிக்கிற புள்ளய வச்சுக்கிட்டு நாங்க எங்க தம்பி போவோம்?"

"அதெல்லாம் எனுக்குத் தெரியாது. போவலன்னா கரண்ட்ட கட் பண்ணிடுவேன்."

மறுநாள் கம்பெனி கேன்டீனில், என்னோடு ஒரே லைனில் வேலை செய்யும் தோழியிடம் கொட்டித் தீர்த்தேன். இரண்டு வீடு மாறி அடிபட்டவள் அவள். "சாவிய மட்டும் குடுத்துடாத. வாடகைய எப்பவும்போல போன்லயே அனுப்பு, அத்தாட்சி இருக்கும். காலி பண்ணச் சொல்றத எழுதிக் கேளு. கரண்ட்ட புடுங்கினா நேரா ஸ்டேஷனுக்குப் போ. மொதல்ல அக்ரிமெண்ட்ட எடுத்துப் பாரு, எத்தினி மாசம் டைம்னு அதுல இருக்கும்" என்றாள்.

"அது ஓனர் பீரோவுல இருக்குடீ."

அவள் சோற்றை வாயில் வைத்துக்கொண்டே சிரித்தாள். எனக்கு அழுகை வந்தது.

சாயங்காலம் மகளோடு கீழே போனேன். அக்காவும் மகனும் கூடத்தில் இருந்தார்கள். கையெழுத்துப் போடும்போது படித்த ஞாபகத்தில், காலி செய்ய இரண்டு மாதம் டைம் தரவேண்டும், அக்ரிமெண்டில் இருக்கிறது என்றேன்.

"எங்க, காட்டுங்க பாப்போம்" என்று சிரித்தான். அது எங்கே இருக்கிறது என்று அவனுக்கும் தெரியும்.

அக்கா எழுந்து உள்ளே போனார். போச்சுடா, பெற்ற பிள்ளையை விட்டுக்கொடுப்பாரா என்று நினைத்தேன். பீரோ கதவு கிரீச்சிட்டது. கவரோடு வந்தவர் அதை என் மகள் கையில் கொடுத்தார்.

"படி. சத்தமா படி."

காலி செய்வதென்றால் இரண்டு மாதம் முன்பே எழுத்தில் தெரிவிக்க வேண்டும் என்று மகள் வாசித்தாள். அக்கா மகனைப் பார்த்தார்.

"கையெழுத்து போட்டது நானு. வூடும் என் பேர்லதான் கீது. பொண்ணு பரிச்ச எழுதட்டும், அப்பால பாத்துக்கலாம்."

அங்கேயே உட்கார்ந்து அழுதுவிட்டேன். "ஏய், போய் உல வைடி, புள்ளைக்குப் பசிக்கும்" என்று அதற்கும் திட்டினார்.

தேர்வு முடிந்ததும், அக்கா சொன்ன சொல்லுக்கு மரியாதையாக நாங்களே சுங்குவார்சத்திரத்துக்கு மாறினோம். புது வீட்டு அக்ரிமெண்ட் இப்போது என்னிடமே பத்திரமாக இருக்கிறது. அதை ஒரு ஜெராக்ஸ் எடுத்துக்கொண்டு அடுத்த ஞாயிற்றுக்கிழமையே பென்னலூருக்குப் போனேன்.

"இன்னாடி இது?"

"உங்க பீரோவுல இருக்கட்டும்க்கா."

"லூசாடி நீ?" என்றபடி அக்கா இடுப்பிலிருந்து சாவியை எடுத்தார்.