கிழங்கு வண்டியில் முட்டி நின்ற என் கார்

முப்பது வருடப் பழைய கார் ஒன்றை வாங்கி, ஆசை ஆசையாகப் புதுப்பித்தேன். பெயிண்ட், சீட் என்று கையில் இருந்ததெல்லாம் அதற்கே போனது. "பிரேக் ஆயில் போற ஹோஸ் இத்துப்போயிருக்குது சார், மொதல்ல அத மாத்துங்க" என்று கள்ளக்குறிச்சி மெக்கானிக் இரண்டு முறை சொன்னார். நான் தள்ளிப்போட்டேன். மனைவியிடமும் சொல்லவில்லை.

அவளையும் இரண்டு மகள்களையும் கல்வராயன் மலைக்கு அழைத்துப்போய்த் திரும்பும்போது, இறக்கத்தில் பிரேக் மிதி தரைவரை போய்விட்டது. கியரைக் குறைத்தும் கார் நிற்கவில்லை. ஹேண்ட் பிரேக்கும் பிடிக்கவில்லை. முன்னால் மரவள்ளிக்கிழங்கு ஏற்றிய ஒரு பிக்கப் வண்டி. விடாமல் ஹாரன் அடித்தேன். அதன் டிரைவர் ஒதுங்கி வழிவிட்டிருந்தால், அடுத்த வளைவில் பள்ளத்துக்குப் போயிருப்போம். அவர் கண்ணாடியில் பார்த்துவிட்டு வேகத்தைக் குறைத்து, தலையை வெளியே நீட்டி, "அப்படியே வந்து முட்டுங்க" என்று கத்தினார். என் பம்பர் அவர் வண்டியின் பின்கதவில் பதிந்தது. இரண்டும் ஒட்டிக்கொண்டே போய் வளைவுக்கு முன் நின்றன.

நசுங்கிய கதவைப் பார்த்துவிட்டு அவரிடம் மன்னிப்புக் கேட்டேன்.

"தட்டுனா நிமிந்துக்கும் சார். உள்ள கொழந்தைங்க உக்காந்துகினு இருக்குதே" என்றார்.

மனைவி "அண்ணா" என்றாள். அவரைப் பார்த்துக் கை கூப்பினாள். ஹோஸ் விஷயத்தை அன்றே அவளிடம் சொல்லிவிட்டேன்.

காரை விற்கவில்லை. இப்போது பிரேக்கைப் பார்த்த பிறகுதான் துடைத்துப் பளபளப்பாக்குகிறேன். பதற்றத்தில் அவர் பெயரைக்கூடக் கேட்கவில்லை. அதனால் மலைப்பாதையில் கிழங்கு வண்டி எது வந்தாலும் கை காட்டுகிறேன். நான் யாரென்று தெரியாமலே எல்லோரும் திரும்பக் கை காட்டிவிட்டுப் போகிறார்கள்.