மார்கரெட்டைத் தேடி ஒன்பது மைல்

நம் வகுப்புக் கையெழுத்துப் பத்திரிகைக்கு எல்லோரும் ஊட்டி, மலம்புழா என்று பயணக் கட்டுரை எழுதிக் கொடுத்துவிட்டீர்கள். நான் போனது பல்லடத்திலிருந்து திருப்பூர், ஒன்பது மைல். போன சனிக்கிழமை, ஸ்பெஷல் கிளாஸ் என்று வீட்டில் பொய் சொல்லிவிட்டுப் போனேன். அதனால் இதை மற்றவர்கள் படுத்த பிறகு எழுதுகிறேன். பக்கத்து அறையில் பெரியப்பாவின் தறி ஓடும்வரை பயமில்லை. நின்றால் விளக்கை அணைத்துவிடுவேன்.

காரணம் என் பெயர். நான் பிறந்தபோது அம்மா பிழைப்பதே சந்தேகமாக இருந்ததாம். திருப்பூர் ஆஸ்பத்திரியில் ஒரு வெள்ளைக்கார நர்ஸ் இரவு பகலாக உடனிருந்து காப்பாற்றினாராம். அவர் பெயரையே அம்மா எனக்கு வைத்துவிட்டார். அப்பா காலமான பின் பெரியப்பா ஆறுமுகத்தின் வீட்டில் இருக்கிறோம்.

"முருகனக் கும்பிடற ஊட்டுல மார்கரெட்டு என்ன மார்கரெட்டு? எஸ்.எஸ்.எல்.சி. புஸ்தகத்துல ஏறறதுக்குள்ள பழனியம்மான்னு மாத்திப் போடோணும்" என்கிறார் பெரியப்பா. அம்மா, "என்ற வாயால மாத்த மாட்டனுங்க" என்று சொல்லிவிட்டார். கடைசியில் சாமியிடமே பூக் கேட்பது என்று முடிவாயிற்று. நாளைக் காலை மலைக்கோயிலில் இரண்டு இலைப் பொட்டலங்கள் வைப்பார்கள். எடுத்த பொட்டலத்தில் வெள்ளைப் பூ இருந்தால் என் பெயர் நிலைக்கும். சிவப்பு என்றால் போய்விடும்.

பொருளே தெரியாத பெயருக்காக எப்படி வேண்டிக்கொள்வது? அதைத் தெரிந்துகொள்ளத்தான் போனேன்.

எட்டரை மணி பஸ். டிக்கெட் நாற்பது காசு. இஞ்சினுக்குப் பக்கத்தில் உட்காராதீர்கள், கால் வெந்துவிடும். கண்டக்டர் குனிந்து பார்த்து, "ஏங் கண்ணு, தறிக்கார ஆறுமுகத்தூட்டுப் புள்ளதான நீயி? தனியாவா போறே?" என்றார். "இல்லீங்க" என்றேன். எந்தக் கேள்விக்கு இல்லை என்று எனக்கே தெரியவில்லை.

பஸ் ஸ்டாண்டிலிருந்து இருபது நிமிட நடை. வழியெல்லாம் வெளுத்த பனியன் துணி கொடியில் காய்ந்தது. வெயிலில் கண் கூசியது. ஆஸ்பத்திரியில் அந்த நர்ஸ் இல்லை. ஊருக்குத் திரும்பிப் பல வருடமாயிற்றாம். நான் அழுதுவிடுவேன் என்று பயந்து, சமையல்கார ரோசம்மாக்கா என்னை உள்ளே கூட்டிப்போனார். அங்கே மூன்று வெளிநாட்டு சிஸ்டர்கள் காபி குடித்துக்கொண்டிருந்தார்கள்.

பெயரைச் சொன்னேன். அவ்வளவுதான்.

"மார்கெரீத்தா!" என்றார் இத்தாலிக்காரர். "சுருக்கினா ரீட்டா." (நம் வகுப்பு ரீட்டா, கேட்டாயா? நீயும் நானும் ஒரே பெயர்க்காரிகள்!)

"தப்பு, மார்கெரீத்" என்றார் பிரான்ஸ்காரர்.

"எங்கூர்ல கிரேட்டாங்க. என்ற அக்கா பேரு" என்றார் ஜெர்மனிக்காரர், நம்மூர்ப் பேச்சிலேயே.

"ஏனுங் சிஸ்டர், இருக்கறது ஒரு புள்ள. ஆளுக்கொரு பேரு வெச்சா அது எதுக்குத் திரும்புமுங்க?" என்றார் ரோசம்மாக்கா. மூவரும் சிரித்துவிட்டார்கள்.

ஸ்பெயினில் மார்கரீட்டா, ஹங்கேரியில் மார்கிட் என்று சிஸ்டர்கள் அடுக்கினார்கள். எல்லாவற்றுக்கும் தாய் ஒரு கிரேக்கச் சொல்லாம், பொருள், முத்து. பிரான்சில் அதே பெயரில் ஒரு பூவும் உண்டு. காட்டில் தானாக முளைக்குமாம், நடுவில் மஞ்சள், சுற்றிலும் வெள்ளை இதழ். வெள்ளை என்று கேட்டதும் எனக்குக் கோயில் பொட்டலம் நினைவுக்கு வந்தது. முத்தைக் குறிக்கும் அந்த மூலச் சொல்லே கிழக்கேயிருந்து கிரேக்கர்களுக்குப் போனது என்கிறார்களாம். நம் தென்கடல் முத்துகளும் அந்தக் காலத்தில் கப்பலேறியிருக்கின்றன.

"அப்ப நம்ம சரக்குங்களா!" என்றார் ரோசம்மாக்கா. "சீமைக்குப் போயிச் சட்டை மாத்திட்டு வந்திருக்குது."

திரும்பும் பஸ்ஸில் ஜன்னலோரம் உட்கார்ந்து, எத்தனை தேசத்து அம்மாக்கள் இந்தப் பெயரைச் சொல்லி மகளைச் சாப்பிடக் கூப்பிட்டிருப்பார்கள் என்று யோசித்தேன். பல்லடத்தில் ஒற்றையாக மாட்டிக்கொண்ட பெயர் என்றல்லவா இத்தனை நாள் நினைத்தேன்!

உங்களில் யாராவது போவதானால் காலையிலேயே போங்கள். மதியம் சிஸ்டர்கள் ஜெபத்துக்குப் போய்விடுவார்கள். தெரிந்த கண்டக்டர் இருந்தால் அடுத்த பஸ்ஸில் ஏறுங்கள். அவர் பெரியப்பாவிடம் சொல்லிவிட்டாரா என்று இன்னும் எனக்குத் தெரியாது.

பூக் கேட்பதற்கு முன்னால் பூசாரி பெயரைக் கேட்பார். சாமிக்குக் கேட்கும்படி நானேதான் சொல்ல வேண்டும். இதுவரை யார் கேட்டாலும் பாதியை விழுங்கித்தான் சொல்லியிருக்கிறேன். நாளை சிவப்பு வந்தால் அதுவே கடைசி முறை. அதனால் முழுசாக, மலையடிவாரம்வரை கேட்கிற மாதிரி சொல்லப் போகிறேன்.

தறி நின்றுவிட்டது.

இப்படிக்கு,
மார்கரெட்