ஏழாவது மெட்டு

இருபத்தாறு வருடமாக அவர் படங்களுக்குப் பின்னணி இசை போட்டுக்கொண்டிருக்கிறார். பாட்டு போடுகிறவருக்குக் கைதட்டல். பின்னணிக்காரரை ஸ்டுடியோ காவலாளியே, "யாரைப் பாக்கணும்?" என்று கேட்பார். துரத்தலுக்கு மேளம், பிரிவுக்கு வயலின். தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் போட்டுவிடுவார். அலுத்துப்போயிருந்தது.

இந்தப் படத்தில் ஒரு காட்சி. மகளை ஆபரேஷனுக்கு உள்ளே அனுப்பிவிட்டு, அவள் செருப்பை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறார் ஒரு அப்பா. தலைக்கு மேல் ஃபேன் சுற்றுகிறது. ஆறு மெட்டு அனுப்பினார். ஆறையும் இயக்குநர் திருப்பிவிட்டார். "மனசைப் பிழியணும் சார்."

பிழிய அவரிடம் மிச்சம் ஒன்றுதான் இருந்தது. கல்யாணமான புதிதில் போட்டு, எந்தப் படத்துக்கும் கொடுக்க மனசு வராமல் பொத்திப் பொத்தி வைத்திருந்த மெட்டு. துணி மடிக்கும்போதெல்லாம் மனைவி அதைத்தான் முணுமுணுப்பாள். இதாவது நாலு பேர் காதில் விழட்டும் என்று அவளிடம் சொல்லிவிட்டு அனுப்பினார்.

மறுநாள் இயக்குநரின் போன்.

"பின்னிட்டீங்க சார்! அந்த இடத்துல மியூசிக்கே வேணாம்னு விட எவ்ளோ தைரியம் வேணும்! வெறும் ஃபேன் சத்தம்... அப்படியே வெச்சுக்கலாம்."

அவருக்குத் தூக்கிவாரிப்போட்டது. ஃபேன் சத்தத்தைக் கேட்பதற்காக மெட்டை மியூட்டில் போட்டவர், திரும்ப எடுக்காமலே அனுப்பியிருக்கிறார். லட்சணம்தான், இருபத்தாறு வருட அனுபவத்துக்கு!

மெட்டோடு ஒரு தடவை பார்த்தார். இல்லாமல் ஒரு தடவை. மறுபடி மெட்டோடு. இல்லாததுதான் நன்றாக இருந்தது. மெட்டு உள்ளதைத் திரும்ப அனுப்பவில்லை, மனைவியிடமும் மூச்சு விடவில்லை.

தியேட்டரில் அந்தக் காட்சி வந்ததும் மனைவி அவர் கையைப் பிடித்துக்கொண்டாள். மெட்டு வரவில்லை. ஃபேன் சுற்றியது. அப்பா செருப்பில் ஒட்டியிருந்த மண்ணை விரலால் தட்டிவிட்டார். அரங்கில் ஒரு இருமல்கூட இல்லை.

வெளியே வந்து முகத்தைத் துடைத்தபடியே கேட்டாள்.

"நம்ம மெட்டை எடுத்துட்டாங்களா?"

"நான்தான் விட்டுட்டேன்."

பஸ் ஸ்டாப் பக்கம் நடந்துகொண்டே சொன்னாள்.

"நல்ல வேளைங்க. போட்டிருந்தா கெட்டுப்போயிருக்கும்."

அவர் ஆமாம் என்று தலையாட்டினார். பிறகு, பஸ் வருகிறதா என்று பார்ப்பதுபோல முகத்தை அந்தப் பக்கம் திருப்பிக்கொண்டார்.