ஞாயிற்றுக்கிழமை ஐந்து நிமிடம்

எக்ஸ்ரே அக்கா ஊர் திரும்பிய அன்று, கொண்டுவந்த பெட்டிகளைப் பிரிக்கக்கூட இல்லை. நேராக அண்ணன் வீட்டுக் கார் ஷெட்டில் போய் நின்றாள். மற்றவர்களின் எலும்பைப் படம் பிடித்தே காலம் தள்ளியவள். அதில் இருபத்து மூன்று வருடம் வெளிநாட்டு மருத்துவமனை ஒன்றில். கல்யாணம் செய்துகொள்ளவில்லை. ஏன் என்று யாராவது கேட்டால், கேட்டவரின் முழங்காலையே உற்றுப் பார்த்து, "மாடி ஏறும்போது வலிக்குதா?" என்பாள். அப்புறம் அவர் தன் வலியைப் பற்றித்தான் பேசிக்கொண்டிருப்பார்.

அவள் ஆசைப்பட்டு வாங்கிய பொருள் ஒன்றே ஒன்றுதான், அந்தச் சின்ன நீலக் கார். அண்ணன் வீட்டிலிருந்து அதில்தான் வேலைக்குப் போய்வந்தாள். வாங்கி இரண்டு வருடம்கூட ஆகவில்லை, வெளிநாட்டு வேலை வந்துவிட்டது. மீட்டரில் அப்போது ஒன்பதாயிரத்து நானூறு கிலோமீட்டர். பத்திரமாகப் பார்த்துக்கொள்ளுங்கள் என்று சாவியை அண்ணன் கையில் கொடுத்துவிட்டு விமானம் ஏறினாள்.

அண்ணன் நூலகர். கார் ஓட்டத் தெரியாது. சைக்கிளிலேயே தெரு முனையில் இறங்கி, தள்ளிக்கொண்டு திரும்பி, மறுபடி ஏறுகிற ஜாதி. ஆனால் சாவியைத் திருப்ப மட்டும் கற்றுக்கொண்டார். ஞாயிறு காலை பத்து மணிக்கு ஷெட்டைத் திறப்பார், இன்ஜினைக் கிளப்புவார், ஐந்து நிமிடம் உள்ளே உட்கார்ந்திருப்பார், அணைத்துவிட்டு வருவார். காய்ச்சல் என்றாலும் விட்டதில்லை. பேட்டரி செத்தால் மாற்றினார், கேனில் பெட்ரோல் வாங்கி ஊற்றினார். இதை அவர் வாயால் யாரிடமும் சொன்னதில்லை. அண்ணிக்குத்தான் தெருவெல்லாம் சொல்லி மாளவில்லை. வந்து இறங்கிய நாத்தனாரிடமும் அதே பாட்டு: "என்னை இப்படிப் பாத்துக்கிட்டிருந்தா நான் இன்னும் பதினாறு வயசாவே இருந்திருப்பேன்." அண்ணன் சிரிக்கவில்லை. கொடியில் காய்ந்த துணியை எடுக்கப் போய்விட்டார்.

கார் முதல் திருப்பிலேயே கிளம்பியது. அக்காவுக்குத் தலைகால் புரியவில்லை. கிளட்சை மிதித்து கியரைத் தள்ளினாள். விழவில்லை. மூன்று முறை தள்ளிப் பார்த்துவிட்டு, மறுநாள் காரை லாரியில் ஏற்றி மெக்கானிக்கிடம் கொண்டுபோனாள்.

மெக்கானிக் அதிகம் பேசாத ஆள். இன்ஜின் ஆயில் ஊற்றும் மூடியைத் திருகி, அதன் அடிப்பக்கத்தை அவளிடம் காட்டினார். பால் காபி நிறத்தில் பசை மாதிரி ஏதோ அப்பியிருந்தது.

"சும்மா நின்ன வண்டி இல்ல மேடம் இது. யாரோ அடிக்கடி ஸ்டார்ட் பண்ணி, சூடேறுறதுக்குள்ள ஆஃப் பண்ணியிருக்காங்க. உள்ள சேர்ற தண்ணி ஆவியாப் போக வழியே இல்ல. பேட்டரியைக் கழட்டிட்டு அப்படியே போட்டு வெச்சிருந்தாக்கூட இதைவிட நல்லா இருந்திருக்கும்."

சைலன்சரை ஸ்க்ரூடிரைவரால் தட்டினார். ஸ்க்ரூடிரைவர் பாதி உள்ளே போய்விட்டது.

அக்காவுக்குச் சுருக்கென்றது. காரை நினைத்து அல்ல, காரைச் சரிசெய்துவிடலாம். இது அண்ணன் காதில் விழுந்தால் மனுஷன் உடைந்துபோவார். ஆயிரத்துச் சொச்சம் ஞாயிறுகள். அவர் பாசமாகச் செய்ததுதான் வண்டியைத் தின்றிருக்கிறது என்று எந்த வாயால் சொல்வது? அண்ணனிடம் மூச்சு விடக்கூடாது என்று மெக்கானிக்கிடம் கண்டிப்பாகச் சொன்னாள்.

வேலை ஏழு வாரம் இழுத்தது. இன்ஜினைப் பிரித்துத் துருவைச் சுரண்டினார்கள். ஒட்டிக்கொண்ட கிளட்ச் பிளேட்டைப் பிரித்து எடுத்தார்கள். பிரேக்கின் ரப்பர் பாகங்கள் எல்லாம் புதிது. டயரை மட்டும் மாற்ற அக்கா ஒப்பவில்லை. தரையைப் பிடிக்கும் பட்டன் கொஞ்சமும் தேயவில்லையே என்று மல்லுக்கு நின்றாள். டயருக்கு ஓட்டம் கணக்கில்லை, வயசுதான் கணக்கு என்று மெக்கானிக் பக்கவாட்டு வெடிப்புகளில் நகத்தை விட்டுக் காட்டியதும் வாயை மூடிக்கொண்டாள். இனிமேல் எப்போது கிளப்பினாலும் அரை மணி நேரமாவது ஓட்ட வேண்டும் என்று அவர் சொல்லி அனுப்பினார்.

அண்ணன் ஒர்க்ஷாப் பக்கம் எட்டிக்கூடப் பார்க்கவில்லை. ஒரே ஒரு தடவை, என்ன கோளாறாம் என்று கேட்டார். ரப்பர் சாமான்தான் போயிருக்கிறது, இன்ஜின் கல் மாதிரி இருக்கிறது, எல்லாம் நீங்கள் பார்த்துக்கொண்டதால்தான் என்று அக்கா கூசாமல் அளந்துவிட்டாள். அண்ணன் "ம்" என்றார். அண்ணி அதை அன்றைக்கே நாலு வீட்டில் சொல்லிவிட்டாள்.

வண்டி வந்த ஞாயிறு, அண்ணனை முன்சீட்டில் உட்காரவைத்து ஊருக்கு வெளியே போகும் சாலையில் ஓட்டினாள். தெரு முனையில் பிரேக்கை இரண்டு தடவை மிதித்துப் பார்த்தாள், பிடித்தது. வேகம் கூட்டாமல் போனாள். சூடு காட்டும் முள் மெல்ல ஏறி நடுவில் வந்து நின்றது. அவளுக்கு அப்படி ஒரு சந்தோஷம். அண்ணன் இரண்டு கையாலும் பெல்ட்டைப் பிடித்தபடி விறைப்பாக உட்கார்ந்திருந்தார்.

"பாப்பா, இன்ஜினைக் கெடுத்தது நான்தான்."

அக்கா அவசரமாக மறுத்தாள். யார் சொன்னார்கள், மெக்கானிக்கா என்று கேட்டாள்.

"அவர் ஒண்ணும் சொல்லல. பத்து வருஷம் முன்னாடி பேட்டரி மாட்ட வந்தவர் சொன்னார், இப்படி அஞ்சு நிமிஷம் ஓட விடாதீங்க, உள்ள துருப்பிடிக்கும்னு. நம்பாம லைப்ரரியில புத்தகம் எடுத்துப் பாத்தேன். அதுலயும் அப்படித்தான் போட்டிருந்துச்சு."

"தெரிஞ்சுமா பண்ணீங்க? ஏன்ணா?"

அண்ணன் ரோட்டையே பார்த்தார்.

"இந்தச் சத்தம் கேட்டா, நீ வேலை முடிஞ்சு வாசல்ல வந்து நிக்கிற மாதிரி இருக்கும். அந்த அஞ்சு நிமிஷத்தை என்னால விட முடியல."

அக்காவுக்குக் கண்ணீரில் ரோடு தெரியவில்லை. வண்டியை ஓரங்கட்டி கியரை நியூட்ரலில் தள்ளினாள். நின்ற இடத்தில் இன்ஜின் ஓடிக்கொண்டிருந்தது. அண்ணன் பதறிப்போய் சாவியின் பக்கம் கையை நீட்டினார்.

"ஆஃப் பண்ணிடு பாப்பா. கெட்டுடும்."

அக்கா அவர் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"இருக்கட்டும்ணா. ஓடட்டும்."