ஹஸ்கிக்கு நான் அடித்த மொட்டை

இரண்டு வருடங்களுக்கு முன், மலேசியாவில் லிங்கி என்ற ஊருக்குப் பக்கத்தில், எண்ணெய் எடுக்கும் செம்பனைத் தோட்டத்தை ஒட்டிய எங்கள் வீட்டில் நடந்தது இது. சிங்கப்பூரில் வேலை கிடைத்துப் போன என் தம்பி, தன் ஹஸ்கி நாயை என்னிடம் விட்டுச் சென்றான். குளிர் தேசத்து நாய். உடம்பெல்லாம் இரண்டு அடுக்கு முடி. "அக்கா, டெய்லி சீவி, உதிர்ற முடிய மட்டும் எடு. வெட்டிடாதே லா" என்று சொல்லிவிட்டுத்தான் போனான்.

வெயில் காலம் வந்ததும் அது சிமெண்டுத் தரையில் நாக்கைத் தொங்கப் போட்டுக் கிடந்தது. பார்க்கப் பொறுக்கவில்லை. தம்பிக்கு என்ன தெரியும் என்று, கணவரின் முடிவெட்டும் மெஷினை எடுத்து ஒட்ட வழித்துவிட்டேன். இனி வெயில் ஒன்றும் செய்யாது என்ற தைரியத்தில் மறுநாள் மதியம் கடைக்கும் கூட்டிப் போனேன்.

திரும்பும்போது தள்ளாடியது. வாயில் நுரை. செம்மண் பாதையில் அப்படியே சரிந்துவிட்டது. தூக்கப் பார்த்தேன், முடியவில்லை. அந்த வழியே லாரியில் வந்த ஒரு மலாய்க்காரர் இறங்கி, தான் குடிக்க வைத்திருந்த தண்ணீரையெல்லாம் அதன் மேல் ஊற்றினார். பிறகு இரண்டு கைகளாலும் அதை அள்ளி லாரியில் ஏற்றினார். ஈர நாயைத் தொட்டால் மண் கலந்த நீரால் கழுவிச் சுத்தம் செய்ய வேண்டும் என்பது முஸ்லிம்களான அவர்கள் மார்க்க முறை. நான் பதறியதைப் பார்த்து, "தாக் அப்பா, காக்" என்றார். பரவாயில்லை அக்கா என்று அர்த்தம்.

போர்ட்டிக்சன் டவுன் மிருக கிளினிக்கில் நாயைத் தூக்கிக்கொண்டு உள்ளே ஓடினோம். டாக்டரம்மா தடவிப் பார்த்துவிட்டு, "அந்த முடிதானேம்மா வெயில உள்ள விடாம தடுக்குது? அதையா வழிச்சீங்க?" என்றார். எனக்குத் தலை நிமிரவில்லை.

நாய் கண் திறந்த பிறகுதான் எனக்கு அவர் ஞாபகமே வந்தது. வெளியே ஓடினேன். லாரி இல்லை. கவுண்டரில் இருந்த பெண் சொன்னாள்: "ரொம்ப நேரம் குழாயில கை கழுவிக்கிட்டு இருந்தாருக்கா. நாய் பொழைச்சிடுச்சான்னு கேட்டாரு. ஆமான்னேன், போயிட்டாரு."

முதுகில் முடி இன்றுவரை திட்டுத்திட்டாகத்தான் வளர்ந்திருக்கிறது. லீவில் வந்த தம்பி அந்த இடத்தைத் தடவிப் பார்த்துவிட்டு, சீப்பை எடுத்து மெதுவாகச் சீவிவிட்டான். திட்டியிருந்தால்கூடத் தாங்கியிருப்பேன். ஆனாலும் நாய் என்னை மன்னித்துவிட்டது, தம்பியும் மறந்துவிட்டான். முன்பின் தெரியாத எனக்காக அத்தனையும் செய்தவரின் பெயரைக்கூடக் கேட்காமல் விட்டதை மட்டும் என்னால் இன்னும் ஆற்றிக்கொள்ள முடியவில்லை.