தலைக்குத் தண்ணீர் ஊற்றிய காலை

என் தம்பியின் இரண்டாம் மனைவி, மூத்தாள் குழந்தையைக் கிள்ளியும் அடித்தும் வதைக்கிறாள் என்று தம்பிக்குக் கடிதம் எழுதினேன். தெருப் பெண்கள் முன்னால் வாய்விட்டும் சொன்னேன். அது பொய். சொன்னபோது பொய்யென்று எனக்குத் தெரியாது. தெரிந்துகொள்ள நான் முயலவும் இல்லை.

எண்பதுகளின் தொடக்கம். எங்கள் ஊர் புதுச்சத்திரத்துக்கு அருகில். நான் உயர்நிலைப் பள்ளியில் அறிவியல் ஆசிரியர். தம்பி ரிக் வண்டியோடு போர்வெல் போட ஆந்திரா பக்கம் போனால் திரும்ப மூன்று மாதம் ஆகும். முதல் மனைவி இறந்தபின் எருமப்பட்டியிலிருந்து இவளைக் கட்டிவந்தான். அவர்கள் வீட்டுக்கும் எங்கள் வீட்டுக்கும் ஒரே வாசல். குழந்தைக்கு ஏழு வயது. அவள் சோறு போடுவதை ஜன்னல் வழியாகப் பார்ப்பேன். கதவு சாத்தியிருந்தால் ஏன் என்று யோசிப்பேன். குழந்தை சிரித்தால் சொல்லிக்கொடுத்துச் சிரிக்க வைக்கிறாள். பேசாமல் இருந்தால் மிரட்டி வைத்திருக்கிறாள்.

அந்த ஐப்பசியில் குழந்தைக்குக் காய்ச்சல் கண்டது.

"போன வருசம் வந்த அதே காய்ச்சலாட்டம் இருக்குதுங்க மாமா. கண்ணு வலிக்குது, மேலெல்லாம் நோவுதுங்கறா" என்றாள் தம்பி மனைவி.

முந்தைய ஆண்டு மழையில் தெருவே அந்தக் காய்ச்சலில் படுத்திருந்தது. குழந்தையும் நாலு நாள் படுத்து எழுந்தாள்.

"ஒருக்கா வந்தது மறுக்கா வராது அம்மிணி. ஒடம்புல எதிர்ப்பு சக்தி உண்டாயிருக்கும். பாடம் நடத்தறவன் எனக்கேவா சொல்றே?"

அப்படியானால் இது வேறு ஏதோ. வேறு என்ன என்று என் மனம் அவள் அடுப்படியையே சுற்றியது.

மூன்றாம் நாள் குழந்தையின் கையில் சிவப்புப் புள்ளிகள். முழங்கைக்கு மேலே நீலமாகக் கன்றியிருந்தது. "புடிச்சுத் தூக்கி உக்கார வெச்சனுங்க, அதுக்கே கன்னிப்போச்சுங்க" என்றாள். அன்று மதியமே கடிதத்தைத் தபாலில் சேர்த்தேன்.

தெருப் பெண்கள் புள்ளிகளைப் பார்த்து அம்மன் வந்திருக்கிறாள் என்றார்கள். ஐந்தாம் நாள் காலை காய்ச்சல் விட்டது. எங்கள் பக்கத்தில் அம்மை இறங்கினால் வேப்பிலையும் மஞ்சளும் போட்டு வெயிலில் வைத்த தண்ணீரைத் தலைக்கு ஊற்றுவார்கள். எனக்கு அதில் நம்பிக்கை இல்லை. ஆனால் என் மனைவி அண்டாவை வாசலில் வைத்தபோது தம்பி மனைவி மறித்தாள்.

"வேண்டாங்க மாமா. காய்ச்சல் உட்டுப்போச்சு, ஆனா கையுங் காலும் சில்லுனு கெடக்குதுங்க. வவுறு வலிக்குதுன்னு சுருண்டுக்கறா. ஆஸ்பத்திரிக்குப் போலாமுங்க."

"காய்ச்சல் அடிச்சப்பக் கேக்காத ஆஸ்பத்திரி, உட்டப்பறம் எதுக்கு?"

தண்ணீர் ஊற்றினால் சட்டையைக் கழற்ற வேண்டும், உடம்பை எல்லோரும் பார்ப்பார்கள், அதற்குத்தான் பயப்படுகிறாள் என்று நினைத்தேன். ஊற்றச் சொன்னேன்.

சட்டை கழன்றது. தோளிலும் இடுப்பிலும் நீலத் தடங்கள்.

"இதெல்லாம் எந்த அம்மன் போட்ட முத்து? கிள்ளுன அம்மன் இங்கதான் நிக்குது" என்றேன்.

ஒருத்தி சிரித்தாள். "பெத்தவளா இருந்தாக் கை கூசும். இவளுக்கென்ன?" என்றாள் இன்னொருத்தி.

மூன்றாம் செம்பு ஊற்றும்போது மூக்கில் ரத்தம் ஒழுக, குழந்தை மடங்கி விழுந்தாள்.

அவள் யாரையும் பார்க்கவில்லை. ஈரத்தோடு குழந்தையை அள்ளிக்கொண்டு ரோட்டுக்கு ஓடி, சேலம் போகும் லாரியை மறித்தாள். நானும் ஏறினேன். உதவுவதற்கு அல்ல, டாக்டரிடம் அவள் என்ன சொல்கிறாள் என்று கேட்பதற்கு.

சேலம் ஆஸ்பத்திரியில் டாக்டர் முதலில் சலைன் ஏற்றினார். நாடி தேறியபின், ரத்த அழுத்தம் பார்க்கும் பட்டையை இன்னொரு கையில் கட்டிக் காற்றடித்து ஐந்து நிமிடம் அப்படியே வைத்தார். பட்டைக்குக் கீழே, அதுவரை வெறுமையாக இருந்த தோலில், சிவப்புப் புள்ளிகள் எழும்பின. யாரும் கிள்ளவில்லை. நான் பார்த்துக்கொண்டே நின்றேன்.

"போன வருசமும் இப்படிக் காய்ச்சல் வந்துச்சா?" என்று டாக்டர் கேட்டார்.

"வந்துச்சுங்க" என்றாள் அவள்.

நான் ஆசிரியர் என்றதும் டாக்டர் விளக்கினார். இது டெங்குக் காய்ச்சல். அதில் நாலு வகை. ஒரு வகையை எதிர்க்க உடம்பு செய்துவைத்த எதிர்ப்புப் பொருள், அடுத்த வருஷம் வரும் வேறு வகையைக் கொல்லாது. அதனோடு ஒட்டிக்கொண்டு, நம்மைக் காக்க வேண்டிய அணுக்களுக்குள்ளேயே அதைக் கொண்டுபோய் விட்டுவிடும் என்கிறார்கள். பிறகு உடம்பு காட்டும் மூர்க்கத்தில் ரத்தக் குழாய்கள் கசியும். காய்ச்சல் விடும் வேளைதான் ஆபத்து.

"கொஞ்சம் முன்னாடியே கூட்டிட்டு வந்திருக்கலாமே" என்றார். அவள் என்னைக் காட்டிக்கொடுக்கவில்லை.

குழந்தை பிழைத்தாள். ஆனால் கடிதம் தம்பியிடம் போய்ச் சேர்ந்துவிட்டது. வந்த அன்றே அவளை எருமப்பட்டிக்கு அனுப்பினான். டாக்டர் சொன்னதைச் சொன்னேன்.

"ஏனுங்ணா, எழுதுனது பொய்யுங்களா, இப்பச் சொல்றது பொய்யுங்களா?"

"எழுதுனதுதான்" என்றேன். நம்பவில்லை. சேலத்துக்கு அழைத்துப்போய் டாக்டர் வாயாலேயே கேட்க வைத்தேன். பிறகு இருவரும் எருமப்பட்டி போனோம். அவள் அப்பா, பங்காளிகள் முன்னால் நான் செய்ததை ஒன்றுவிடாமல் சொன்னேன். ஊர் திரும்பி, தண்ணீர் ஊற்றிய பெண்களை அதே வாசலுக்கு அழைத்து அவர்களிடமும் சொன்னேன்.

அவள் குழந்தைக்காகத் திரும்பி வந்தாள். என்னோடு சண்டை போடவில்லை. ஆனால் அதன்பின் குழந்தை விழுந்தாலும் சிராய்த்தாலும், கழுவி மருந்து போடும் முன் என்னிடம் காட்டிவர அனுப்புவாள். கொசு கடித்த தடிப்பைக்கூட. "வேண்டாம் அம்மிணி" என்று பலமுறை கேட்டுப்பார்த்தேன்.

"இருக்கட்டுங்க மாமா. நீங்களே பாத்துக்கிட்டா நல்லதுங்க" என்பாள்.

ஒன்பதாம் வகுப்புப் படிக்கும்போதுகூட ஒரு சாயங்காலம் அந்தப் பெண் என் வாசற்படியில் வந்து நின்றாள். முழங்கையில் மண்ணும் ரத்தமும்.

"சைக்கிள்ல இருந்து உழுந்துட்டன் பெரீப்பா. அம்மா காட்டிட்டு வரச் சொல்லுச்சு" என்று கையை நீட்டினாள்.

"பாத்துட்டன், போ சாமி" என்றேன்.